ராத்தா வீட்டில் வைத்த கூடு

வேனிலிருந்து கூட்டை இறக்கியபோது நான் என் வீட்டு கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். முன் அறையில் கதிரைகளை ஒதுக்கி, சுவரோரம் இடம் பண்ணி, நிலத்தைக் கழுவித் துடைத்து, பழைய பாயொன்றையும் மடித்துப் போட்டிருந்தேன். கூட்டின் ஒரு பக்கத்தை என் மகள் பிடித்தாள், மறுபக்கத்தை வேன்காரர் பிடித்தார். இரண்டு பேரும் என் கேட்டைத் தாண்டி நேரே போய், வேலிக்கு அந்தப் பக்கம் என் உடன்பிறந்த ராத்தாவின் வீட்டுக்குள் நுழைந்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது? பத்தி எரிந்தது.

மகள் கத்தாருக்குப் பயணம் போக இரண்டு நாள்தான் இருந்தது. கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்துகொண்டு தனி அறையில் இருந்தபோது துணைக்கென்று வாங்கிய பிராணிகள் அவை. பெயர் டெகு. எலி என்று சொன்னால் மகளுக்குக் கோபம் வரும், அணில் என்று சொன்னால் அது பொய். இரண்டுக்கும் நடுவில் ஒரு சாதி. மண் நிற மயிர், வட்டக் காது, வாலின் நுனியில் மட்டும் கறுத்த மயிர்க்கொத்து. எங்கேயோ உலகத்தின் மறுகோடியில், சிலி என்ற நாட்டு மலைகளில் கூட்டங்கூட்டமாக இருக்குமாம். தனியாக விட்டால் ஏங்கிப் போகும் என்பதால் அண்ணனும் தம்பியுமாக இரண்டை வாங்கியிருந்தாள்.

முன்பல்லெல்லாம் செம்மஞ்சளாக இருந்தது. "இதென்ன, வெத்தில போடுதா இது?" என்று நான் கேட்டேன். மகள் சிரிக்கவில்லை. "அப்பிடி இருந்தாத்தான் சுகமா இரிக்கிதுன்டு அர்த்தம். வெளுத்தாத்தான் பயப்படணும்" என்றாள். கேட்டது நான். அவள் பதில் சொன்னதோ ராத்தாவின் முகத்தைப் பார்த்து. பிறகு தன் கையால் எழுதிய இரண்டு பக்கக் கடதாசியை ராத்தாவின் பிரிஜ்ஜில் ஒட்டினாள். காய்ந்த புல் எந்நேரமும் இருக்க வேண்டும், இனிப்பு கண்ணிலும் காட்டக்கூடாது, வெக்கை ஆகாது, வாலைப் பிடித்துத் தூக்கினால் தோல் கழன்று வரும் என்று ஒவ்வொன்றாக ராத்தாவுக்கு வாசித்துக் காட்டினாள். என் கையில் ஒரு துண்டுக் கடதாசியும் தரவில்லை.

எங்கள் கதையைக் கொஞ்சம் சொன்னால்தான் இது விளங்கும். மன்னாரிலிருந்து தொண்ணூறில் எங்கள் ஆட்களைத் துரத்தியபோது வந்து, பாலாவிப் பக்கம் கிடுகுக் கொட்டிலில் வளர்ந்தவர்கள் நானும் ராத்தாவும். அவள் என்னைவிட நாலு வயது மூத்தவள். பிறகு வாப்பா இந்த வளவை வாங்கி, பெண் பிள்ளைகளுக்கு என்று இரண்டு வீடு கட்டி, ஆளுக்கொன்றாகச் சீதனம் தந்தார். நடுவில் வேலி இருக்கிறது, வேலியில் ஒரு ஆள் போகக்கூடிய கடப்பும் இருக்கிறது. என் மாப்பிள்ளை, மகளின் வாப்பா, உப்பு லொறி ஓட்டுகிறவர், வீட்டில் தங்குவது குறைவு. ராத்தாவின் மாப்பிள்ளை, என் மச்சான், உப்பளத்தில் வேலை.

ராத்தாவுக்குப் பிள்ளை இல்லை. அல்லாஹ் கொடுக்கவில்லை. எத்தனையோ சண்டையில் இந்தச் சொல்லை நாக்கு நுனிவரை கொண்டுவந்து விழுங்கியிருக்கிறேன். ஒரு தடவை விழுங்கவில்லை. அதுவும் இந்தப் பிராணிகளால் வந்ததுதான், வரும்போது சொல்கிறேன்.

மகளுக்கு நாலு வயதாக இருக்கும்போது நான் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனேன். திரும்பி வரும்போது அவளுக்கு எட்டு வயது. அந்த நாலு வருடமும் அவள் ராத்தா வீட்டில்தான் இருந்தாள். நான் வந்து இறங்கிய அன்று ராத்தாவின் உடுப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒளிந்து நின்றவள், அதற்குப் பிறகு எத்தனை வருடம் என்னோடு ஒரே பாயில் படுத்தாலும், பல்லு வலி என்றாலும் பரீட்சை என்றாலும் முதலில் கடப்பைத் தாண்டி அங்கே ஓடித்தான் சொல்லுவாள். நான் உழைத்து அனுப்பினேன், அவள் வளர்த்தாள். பெற்றவள் நான், பெரியும்மா என்று கூப்பிட வைத்துக்கொண்டவள் அவள்.

இப்போது மகள் கத்தாரில். ஒவ்வொரு நாளும் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வீடியோ கோல் எடுப்பாள். யாருக்கு? ராத்தாவுக்கு. எனக்கு வெள்ளிக்கிழமை ஒரு நாள். "உம்மா சுகமா, மருந்து குடிச்சீங்களா, சரி வைக்கிறன்" என்று அது முடிந்துவிடும். என் மகளின் முகத்தைத் தினமும் பார்க்க வேண்டுமென்றால் நான் கடப்பைத் தாண்டிப் போய், ராத்தாவின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்க்க வேண்டும். அதிலும் போன் பாதி நேரம் கூட்டின் பக்கம் திரும்பியிருக்கும். எலிக்கு மாஷா அல்லாஹ், எலிக்குக் கொஞ்சல். நான் சிரித்துக்கொண்டு நிற்பேன். கன்னம் வலிக்கும்.

இரண்டு கிழமை போகவில்லை, அவை கம்பியைக் கடிக்கத் தொடங்கின.

இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து, பல்லை அதில் வைத்து இழுத்து இழுத்துச் சுரண்டும். தகரத்தில் ஆணி கீறுகிற சத்தம். விடிந்ததிலிருந்து பொழுது படும்வரை அது என் குசினிக்கும் கேட்டது. மச்சான் சாப்பாட்டுப் பீங்கானைத் தள்ளிவிட்டு எழும்பிப் போனார் என்று ராத்தா வந்து சொன்னாள். நான் "அல்லாவே, பாவம்" என்று சொன்னேன். வாய்தான் அப்படிச் சொன்னது. உள்ளுக்குள் எனக்குப் பெருநாள் பிறை கண்டது போல இருந்தது. பார், உன்னிடம் விட்டாளே, இப்போது என்ன செய்யப் போகிறாய் என்று நினைத்தேன்.

ராத்தாவிடம் ஒரு பழக்கம் உண்டு. அவள் பதற மாட்டாள். அன்று அஸருக்கு மகளிடம் கேட்டாள். மகள் கூட்டைச் சுற்றிச் சுற்றிக் காட்டச் சொன்னாள்.

"பெரியும்மா, அதுகளுக்குப் பல்லு வளந்துகிட்டே இரிக்கும். கடிக்கத்தான் வேணும். கடிக்கிறதுக்கு ஒன்டும் இல்லாட்டிக் கம்பியக் கடிக்கும். இல்லாட்டி எடம் காணாது. இல்லாட்டிச் சலிப்பு. ஒவ்வொன்டாப் பாப்பம்."

ஒவ்வொன்றாகத்தான் பார்த்தார்கள். ராத்தா மருந்தடிக்காத கொய்யா மரத்திலிருந்து கொப்பு வெட்டிக் கழுவிக் காயவைத்துப் போட்டாள். தேங்காய்ச் சிரட்டையைச் சுரண்டிக் கொடுத்தாள். ஒளிந்து படுக்கப் பலகைப் பெட்டி வைத்தாள். உருண்டு புரளுவதற்கு மணல் வேண்டும் என்றபோது நான், "கடக்கரையில இல்லாத மணலா?" என்று முந்திக்கொண்டு ஒரு வாளி நிறையக் கொண்டுவந்தேன். மகள் போனில் பார்த்துவிட்டு, "உப்பு மண் ஆகா உம்மா, மயிர் பிசுக்குப் பிடிக்கும்" என்றாள். ராத்தா அந்த வாளியை என் மனம் நோகாமல் வாழை மரத்தடியில் கொட்டினாள். மகள் கொழும்பிலிருந்து பொடிமண் பொதி அனுப்ப ஏற்பாடு செய்தாள். மச்சான் ஒரு பழைய மீன்கூட்டுக் கம்பிவலையை எடுத்து, கூட்டுக்கு மேலே இன்னொரு தட்டுக் கட்டிக் கொடுத்தார். வெக்கைக்கு ஓட்டுத் துண்டொன்றைக் குளிர வைத்து உள்ளே போட்டார்கள். பின்னேரம் ஒரு மணித்தியாலம் அறைக் கதவைச் சாத்திவிட்டு அவற்றை வெளியே ஓடவிட்டாள் ராத்தா.

சத்தம் குறைந்தது. நாளுக்கு நாள் குறைந்து, ஒரு நாள் அறவே இல்லாமல் போனது. அன்று கோலில் மகள், "நீங்க இல்லாட்டி நான் என்ன செய்வன் பெரியும்மா" என்றாள். நான் தோளுக்குப் பின்னால்தான் நின்றேன். எனக்குக் காது கேட்கும்.

பிறகு நோன்பு வந்தது.

அஸருக்கு முன்னால் ராத்தா பள்ளிவாசலுக்குப் பக்கத்து வீட்டுக்குப் போவாள். பெண்கள் கூடி ஓதுவார்கள். அந்த நேரம் வீட்டையும் கூட்டையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். முதல் நாள் நான் கூட்டுக்கு முன்னால் கதிரை போட்டு இருந்தேன். பெரியது, அதாவது அண்ணன்காரன், கம்பிக்குக் கிட்ட வந்து என்னை நிமிர்ந்து பார்த்தது. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தது. மெல்ல ஒரு தடவை கடித்தது.

எங்கள் ஆட்களிடம் ஒன்று இருக்கிறது. நோன்பு மாதத்தில் வாசலில் வந்து நின்று கேட்டவரை வெறுங்கையோடு அனுப்ப மாட்டோம். அதுவும் நோன்பு திறக்கிற நேரம் நெருங்க நெருங்க, கேட்டில் யார் தட்டினாலும் ஒரு பேரீச்சம்பழமாவது கையில் வைத்துக்கொண்டுதான் எழும்பிப் போவோம். கொட்டிலில் பட்டினி கிடந்த காலத்திலும் உம்மா அதை விடவில்லை. அந்தக் கடி எனக்கு கேட்டில் தட்டுகிற சத்தமாகக் கேட்டது. எனக்கே சீனி வருத்தம், இனிப்பு ஆகாது, நோன்பு திறக்க ஒரு பழம்தான் கணக்கு. அந்த ஒரு பழத்தைத்தான் வீட்டிலிருந்து எடுத்துவந்து, கொட்டையை நீக்கி, நகமளவு பிய்த்துக் கம்பிக்குள்ளால் நீட்டினேன்.

பிரிஜ்ஜில் ஒட்டிய கடதாசியை நான் வாசிக்கவில்லையா? வாசித்திருந்தேன். இனிப்பு ஆகாது என்று எழுதியிருந்தது கண்ணுக்கு முன்னால்தான் இருந்தது. ஒரு நகத்தளவில் என்ன வரப்போகிறது என்று என்னை நானே சமாதானம் பண்ணினேன். நன்மை கிடைக்கும் என்றும் சொல்லிக்கொண்டேன். பழத்தை அது இரண்டு கையாலும் வாங்கி, கண்ணை மூடித் தின்றது. யா அல்லாஹ், அந்த முகம்! என் கையால் ஒருவர் வாங்கித் தின்று அப்படிச் சந்தோஷப்பட்டு எத்தனை காலம்.

அடுத்த நாளும் கொடுத்தேன். அதற்கடுத்த நாள் நான் கடப்பைத் தாண்டும்போதே கம்பிச் சத்தம் கேட்டது. என் செருப்புச் சத்தத்தை அது படித்துவிட்டது! ராத்தா வரும்போது இப்படிச் செய்வதில்லை, நான் வரும்போதுதான் ஓடிவந்து கம்பியைப் பிடிக்கிறது. எனக்கு உச்சி குளிர்ந்தது. ஒரு சீவனாவது அவளை விட்டு என்னைத் தேடுகிறதே என்று நெஞ்சு நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். தம்பிக்காரனும் அண்ணனைப் பார்த்துப் படித்துக்கொண்டது.

நோன்பு பாதி போவதற்குள் நிலைமை கெட்டது. நான் இல்லாத நேரத்திலும், வீட்டில் யாருடைய காலடி கேட்டாலும் அவை கடிக்கத் தொடங்கின. பெரியதின் மூக்கில் மயிர் கழன்று தோல் தெரிந்தது. பிறகு ஒரு நாள் கீழ்ப்பல்லில் ஒரு ஓரம் உடைந்திருந்தது. ராத்தாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கொப்பு மாற்றினாள், பெட்டியை மாற்றினாள், கூட்டை யன்னலடியில் காற்றுப் படும்படி தள்ளி வைத்தாள். அவள் முகம் வாடிப்போனது நோன்பால் என்று நான் சொல்லிக்கொண்டேன்.

மகள் போனில் அழுதாள். "பல்லு இப்பிடி உடையத் தொடங்கினாச் சாப்பிட ஏலாமப் போகும் பெரியும்மா. நான் அங்க இல்ல, ஒங்களால ஏலா. கொழும்புல ஒருத்தர் வளக்கிறார், அவர்ட்டயே குடுத்திருவம். பெருநாள் முடிய வேன் அனுப்புறன் என்டார்."

ராத்தா தலையாட்டினாள். எனக்கு உள்ளே ஒரு பக்கம் இனித்தது. போகட்டும், போனால் மகளுக்குத் தினமும் ராத்தாவோடு என்ன கதை என்று நினைத்தேன். மறுபக்கம் பயமாக இருந்தது. அந்த அஸர் நேரத்துக் கோலும் போய்விட்டால், தோளுக்கு மேலால் பார்க்கிற முகமும் எனக்கு இல்லை. அதோடு இன்னொரு யோசனையும் வந்தது. இந்தப் பிராணிகளுக்கு ராத்தாவைப் பிடிக்கவில்லை, என்னைத்தான் பிடிக்கிறது என்று மகளுக்குக் காட்டினால்? கொழும்புக்கு ஏன் அனுப்புவாள், வேலிக்கு இந்தப் பக்கம் அனுப்பினால் போதுமே!

பெருநாள் அன்று மத்தியானம் எல்லோரும் ராத்தா வீட்டில் சாப்பிட்டோம். பெருநாள் இனிப்பான வட்டிலப்பத்தை ராத்தா வெட்டிக்கொண்டிருந்தபோது மகள் கோல் எடுத்தாள். ஸலாம் சொல்லி முடிந்ததும் நான் ராத்தாவின் கையிலிருந்து போனை வாங்கினேன். வாங்கினேன் என்ன, பறித்தேன்.

"மகள், இங்க பாருங்க ஒரு புதினம். இதுகளுக்கு ஒங்கட பெரியும்மாவக் கண்டா ஒன்டுமில்ல. என்னக் கண்டா என்ன செய்யிதுன்டு பாருங்க" என்று சொல்லிவிட்டு, போனைக் கூட்டுக்கு நேரே பிடித்துக்கொண்டு முன்னால் போனேன்.

இரண்டும் பாய்ந்து வந்தன. கம்பியைப் பிடித்து, உடைந்த பல்லோடு, தலையை அசைத்து அசைத்துக் கடித்தன. "பாத்தீங்களா? என்னத்தான் கூப்பிடுது!" என்றேன்.

மகள் போனுக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுவந்தாள்.

"உம்மா, நீங்க என்ன குடுக்கிறீங்க அதுகளுக்கு?"

வட்டிலப்பம் வெட்டிய கத்தியோடு ராத்தா அப்படியே நின்றாள். நான் பொய் சொல்லத்தான் பார்த்தேன். ஆனால் என் வாயிலிருந்து, "சின்னத் துண்டுதான், பேரீச்சம்பழம், நகமளவு" என்று வந்துவிட்டது.

"கடிக்கிற நேரமா குடுக்கிறீங்க?"

"கடிச்சுத்தானே கேக்குது!"

"உம்மா, கடிச்சாத்தான் கெடைக்கும்டு நீங்கதான் பழக்கி இரிக்கிறீங்க. அதுகளுக்குச் சீனி ஆகாதும்மா, ஒங்களப் போலதான். கண்ணும் போயிரும்." அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். களைத்த குரலில் சொன்னாள். அதுதான் என்னைக் கொதிக்க வைத்தது.

"அப்ப என்ட வீட்ட வச்சிருக்கலாமே! வாசிச்சுக் காட்டிச் சொல்லிக் குடுத்திருக்கலாமே! பெத்த தாய நம்ப ஏலாம இவட வீட்டத்தானே கொண்டுபோய் வச்சீங்க?"

"நம்பாம இல்ல உம்மா." அவள் கொஞ்சம் யோசித்தாள். "நீங்க போகக்குள்ள என்ன எங்க வச்சிட்டுப் போனீங்க? அங்கதான் நானும் வச்சேன். வேற எடம் எனக்கு மனசுல வரல்ல."

குத்திக் காட்டுவதற்காக அவள் அதைச் சொல்லவில்லை. அவளுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. கோல் முடிந்தது. கருத்த போனுக்குள் என் முகம் தெரிந்தது.

என் கோபத்தை யாரிடம் கொண்டுபோய்க் கொட்டுவது? ராத்தாதான் முன்னால் நின்றாள். "நீதான் சொல்லிக் குடுத்து வச்சிரிக்கிறாய். சின்னதுலயிருந்து அவள என்ட கையில ஒட்ட விடாமப் பண்ணினவள் நீதான். பெத்திருந்தாத் தெரியும் ஒனக்கு, என்ட வயித்தெரிச்சல்" என்றேன்.

சொல்லிவிட்டேன். இருபது வருடமாக விழுங்கி விழுங்கி வைத்தது, பெருநாள் சாப்பாட்டுக்கு நடுவில் வந்து விழுந்தது. மச்சான் தேத்தண்ணீர்க் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு வெளியே போனார். ராத்தா கத்தியைத் தட்டில் வைத்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழட்டும் என்றும்கூட ஒரு நிமிஷம் நினைத்தேன்.

அவள் அழவில்லை. என் கையைப் பிடித்து யன்னலடிக்குக் கூட்டிப் போனாள். கூட்டுக்கு மேலே, யன்னல் பலகையின் கீழ்ச் சட்டத்தைக் காட்டினாள். அதில் ஒரு முழ நீளத்துக்குப் பெயின்ட் போய், மரம் நசுங்கி, சின்னச் சின்னப் பள்ளமாக இருந்தது. நான் எத்தனையோ வருடமாகப் பார்த்த பலகை அது. கறையான் அரித்தது என்று நினைத்திருந்தேன்.

"ஒன்ட மகள்ட பல்லு" என்றாள் ராத்தா.

எனக்கு விளங்கவில்லை.

"நீ போன அன்டையிலயிருந்து இந்த யன்னல்ல ஏறி நின்டு ரோட்டப் பாத்துக்கிட்டே பலகையக் கடிப்பாள். ரெண்டு மூணு மாசம். பால்ப்பல்லு ஒன்டு உடைஞ்சும் போன. ஒனக்குச் சொல்லல்ல. அங்க இருந்து அழுவாய், வேலை செய்ய ஏலாமப் போகும்டு."

"நீ என்ன செஞ்ச?" என்று கேட்டேன்.

"ஏசினன், நிக்கல்ல. டொபி குடுத்தன், டொபிக்காக இன்னும் கடிச்சாள். பொறகு விட்டுட்டன். பக்கத்தில பாயப் போட்டு இரிந்தன். கடிக்கிற நேரம் பாக்க மாட்டன், எழும்பிப் போகவும் மாட்டன். தச்சுக்கிட்டு இரிப்பன். கடிக்காம எறங்கி வார நேரம் மடியில எடுப்பன். அவ்வளவுதான்." பிறகு கூட்டைப் பார்த்தாள். "நீ பழம் குடுத்த எனக்குத் தெரியா. தெரிஞ்சிருந்தா அன்டைக்கே சொல்லியிருப்பன்."

ஒரு சட்டப் பலகை மீது பொறாமைப்பட முடியுமா என்று கேட்காதீர்கள். பட்டேன். நான் குவைத்தில் ஒரு வீட்டின் நாலு பிள்ளைகளுக்குப் பல் விளக்கிக் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில், என் பிள்ளையின் பல் இந்த மரத்தில் இருந்திருக்கிறது. அந்தப் பள்ளங்களில் விரலை வைத்துப் பார்த்தேன். கீழே கூட்டுக்குள் இரண்டும் என்னைக் கண்டு கம்பியைக் கடித்துக்கொண்டிருந்தன. வட்டிலப்பம் மேசையில் அப்படியே கிடந்தது. நான் ராத்தாவிடம் மாப்புக் கேட்டேனா? வாயால் கேட்கவில்லை. அந்தத் தைரியம் எனக்கு அன்று இருக்கவில்லை. தட்டுகளையெல்லாம் கழுவி வைத்துவிட்டுப் போனேன்.

அடுத்த நாள் ராத்தாதான் மகளிடம் கேட்டு ஒரு மாதத் தவணை வாங்கினாள். வேன் வர வேண்டாம், ஒரு மாதம் பார்ப்போம் என்றாள். நான் இனி அந்தப் பக்கம் வரமாட்டேன் என்று சொன்னேன். "வராட்டி எப்பிடி? நீ பழக்கினத நீதான் மறக்கடிக்கணும். வா, இரி. கையில ஒன்டும் கொண்டு வராத. கடிக்கிற நேரம் திரும்பிப் பாக்காத, எழும்பிப் போகவும் போகாத" என்றாள்.

ஒவ்வொரு நாளும் அஸருக்கு முன்னால் போய்க் கூட்டுக்குப் பக்கத்தில் பாயில் இருந்தேன். ராத்தாவிடம் தைக்க வந்த சட்டைகளுக்குப் பொத்தான் தைத்தேன். முதல் கிழமை இருக்கிறதே, அல்லாட காவல்! பழம் வராத கோபத்தில் அவை முன்னரைவிட இரண்டு மடங்கு கடித்தன. மகள் அதை முன்பே சொல்லியிருந்தாள். விடப்போகிற நேரம்தான் கூடும், அப்போது ஒரு தடவை இரங்கினாலும் எல்லாம் பாழ் என்று. சத்தம் மண்டைக்குள் இறங்கும். திரும்பிப் பார்க்கக் கழுத்து துடிக்கும். ஊசி எத்தனை தடவை விரலில் ஏறியது! ராத்தா அடுத்த மூலையில் இருந்து காய் நறுக்குவாள். இரண்டு பேரும் கதைக்க மாட்டோம். கதைத்தால் அந்தப் பேச்சையும் கடித்ததற்குக் கிடைத்த பரிசாக அவை எடுத்துக்கொள்ளும் என்று பயம்.

இரண்டாம் கிழமை விட்டு விட்டுக் கடித்தன. கடிக்காமல் ஓய்ந்து நிற்கிற அந்தச் சின்ன இடைவெளியில் நான் கையைத் திருப்பி ஒரு கொய்யாக் குச்சியை உள்ளே வைப்பேன். முதலில் தம்பிக்காரன் குச்சியை எடுத்தது. அண்ணன்காரன் பிடிவாதக்காரன், என்னைப் போல.

மூன்றாம் கிழமை ஒரு பின்னேரம், தைத்துக்கொண்டிருந்த எனக்கு என்னவோ குறைகிறது என்று பட்டது. சத்தம் இல்லை. திரும்பவில்லை. கொஞ்ச நேரத்தில் கம்பிக்குக் கிட்ட வைத்திருந்த என் முழங்கையில் மீசை பட்டது. மெல்லப் பார்த்தேன். பெரியது கம்பியோடு ஒட்டி, கடிக்காமல், என் கையை மணந்துகொண்டு நின்றது. என் கையில் பழம் இல்லை, குச்சிகூட இல்லை. மணந்துவிட்டு, அங்கேயே, என் முழங்கைக்குப் பக்கத்தில் சுருண்டு படுத்துக்கொண்டது.

அந்த நேரம் பார்த்து ராத்தாவின் போன் அடித்தது. ராத்தா எடுத்தாள், ஒன்றும் சொல்லாமல் என் பக்கம் திருப்பிப் பிடித்தாள். மகள் முதலில் கூட்டைத்தான் பார்த்திருப்பாள். பிறகு யன்னலடியில் பாயில் இருந்த என்னைப் பார்த்தாள்.

"எவ்வளவு நேரமா அங்க இரிக்கிறீங்க, உம்மா?"

"அஸருக்கு முந்தி வந்து இரிந்தது. ஒரு மணித்தியாலத்துக்கு மேல" என்றேன்.

"ஒவ்வொரு நாளுமா?"

"ஓம்."

அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். நாலு வயதில் எப்படி இருந்தாளோ அந்த முகம் வந்தது. அந்த முகத்தை நான் குவைத்துக்குப் போன அன்று விமான நிலையத்தில் கடைசியாகப் பார்த்திருந்தேன்.

"நாளைக்கும் இரிப்பீங்களா?" என்று கேட்டாள்.

"இரிப்பன் மகள்."

"நாளண்டைக்கு?"

"நாளண்டைக்கும் இரிப்பன். எழும்பிப் போக மாட்டன்."

போனுக்குள் அவள் இருந்தாள், பாயில் நான் இருந்தேன். கனநேரம் அப்படியே போனது. ராத்தாவுக்குக் கை கடுத்திருக்கும். கடைசியில் பொறுக்க முடியாமல், "சரி சரி, எனக்கும் கொஞ்சம் தாங்க புள்ள, நானும் இங்கதான் இரிக்கிறன்" என்று போனைத் தன் பக்கம் திருப்பினாள். அந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும். வருடக்கணக்காக அது என்னுடைய குரலாக இருந்தது.

நான் பாயில் ஒதுங்கி, என் பக்கத்தில் அவளுக்கு இடம் விட்டேன்.